புதுப்பிப்பு: ஜூஸ் விரதம் முடிச்சாச்சு

ஜூஸ் விரதத்துல முழுப் பலன் கிடைக்க என்ன செய்யணும்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நல்லபடியா முடிஞ்சது.

கைகொடுத்தது கோயம்பேட்டுல வாங்கின நீர்ப்பூசணிதான். தோல் சீவி, துருவி, துணியில பிழிஞ்சு, கொஞ்சம் இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. சென்னை வெயிலுக்கு அந்த உப்பு அவசியம். பழச்சாறுல நார் போயிடறதால சர்க்கரை சட்டுனு ஏறும். அதனால காய்தான் அதிகம் சேர்த்தேன்.

சுரைக்காய் போடறவங்க தயவுசெஞ்சு முதல்ல ஒரு துளி நாக்குல வெச்சுப் பாருங்க. கசந்தா துப்பிட்டு மொத்தத்தையும் கொட்டிடுங்க. அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின்ங்கற நஞ்சு. ரத்த வாந்தி வரைக்கும் போகும், உயிரே போயிருக்கு.

நச்சு வெளியேறுமான்னு கேட்டிருந்தீங்க. அது கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் பார்க்கிற வேலை, ஜூஸ் செய்யறதில்ல. எனக்குக் கிடைச்சது, ராத்திரி நொறுக்குத்தீனி தேடற பழக்கம் விட்டதுதான். அதுவே பெரிய விஷயம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கறவங்க டாக்டரைக் கேக்காம இறங்கவே கூடாது, சர்க்கரை ஒரேயடியா தாழ்ந்துடும். கிட்னி கோளாறு இருந்தா இளநீர்ல இருக்கற பொட்டாசியமே ஆபத்து.

முடிச்ச அன்னிக்கு குழைய வெச்ச பாசிப்பருப்புக் கஞ்சி, மத்தியானம் மோர் சாதம். மறுநாள்தான் இட்லி.