கவரேஜ்: ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

வணக்கம்.

புது வீட்டுக்குக் கண்காணிப்புக் கமரா பூட்டும் நம் தமிழ்க் கையேட்டில் ‘கவரேஜ்’ (கமராவுக்குள் அடங்கும் இடம்) என்பதற்குக் ‘கண்காணிப்புப் பரப்பு’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகரலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. வீட்டுக்காரரும் பூட்ட வருபவரும் தடுமாறுவது இங்கேதான். திரையில் படலை தெரிகிறது, ஆகவே படலை ‘கவர்’ ஆகிவிட்டது என்று இருவரும் நினைக்கிறார்கள். களவு போன பிறகு பதிவைப் பார்த்தால் சேட்டின் நிறம் தெரியும், முகம் தெரியாது.

ஐ.ஈ.சி எனும் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணைக்குழுவின் 62676-4 நியமத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதை ஒரு மீற்றர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் என்று அளக்கிறது. ஆள் நடமாட்டம் உண்டா என்று அறிய 25, தெரிந்தவரை இன்னார் என்று சொல்ல 125, முன்பின் அறியாதவரை அடையாளம் காட்ட 250. 4 மெகாபிக்சல் கமராவின் படம் 2560 பிக்சல் அகலம். 250ஆல் வகுத்தால் 10.24 மீற்றர். 2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 105 பாகை விரிந்து பார்ப்பதால் நாலு மீற்றர் தூரத்திலேயே அந்த அகலம் வந்துவிடும். அதற்கப்பால் முகம் கரையத் தொடங்கும். ஏறக்குறைய 54 பாகை பார்க்கும் 6 மி.மீ. லென்ஸில் அதே 250 பிக்சல் 10 மீற்றர் வரை கிடைக்கும். விறாந்தைத் தூணிலிருந்து படலை 8 மீற்றர் என்றால் இரண்டு லென்ஸும் படலையைக் காட்டும். ஒன்றுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே மூன்று சொற்கள்:
தெரிபரப்பு – படத்தில் விழும் இடம் முழுவதும்.
அடையாளப் பரப்பு – அதற்குள் 250 பிக்சலுக்குக் குறையாத பகுதி.
மறைபரப்பு – ‘பிளைன்ட் ஸ்பொட்’. குருட்டுப்புள்ளி வேண்டாம். அது விழித்திரையில் உள்ள இடத்துக்கு ஏற்கெனவே போன பெயர். போதாததற்கு, இது புள்ளியும் அல்ல.

---

> மறைபரப்பு – ‘பிளைன்ட் ஸ்பொட்’

முதலிரண்டும் சரி. மூன்றாவது இடிக்கிறது. கமராவின் மெனுவில் ‘பிரைவசி மாஸ்க்’ என்று ஒன்று உண்டு: அயல்வீட்டு யன்னல், கிணற்றடி முதலியவற்றை நாமே கறுப்புக் கட்டம் போட்டு மூடுவது. திருகோணமலை நகருக்குள் மதிலோடு மதில் ஒட்டிய வளவுகளில் இதைச் செய்யாமல் விட்டால் சண்டைதான். ‘மறை’ என்ற பகுதி மறைந்ததையும் குறிக்கும், மறைத்ததையும் குறிக்கும். நாமே மூடியதற்கு ‘மறைகட்டம்’ என்றும், கமராவுக்கு எட்டாததற்குக் ‘காணாப்பரப்பு’ என்றும் வைப்போம். (ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ‘ப்’ மிகும். தெரிபரப்பு வினைத்தொகை, மிகாது. அச்சில் இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கிவிடாதீர்கள்.)

வரைவிலக்கணத்தில் உயரத்தையும் சேருங்கள். வீட்டுப் பிளானில் மேலிருந்து பார்த்து முக்கோணம் கீறுவதால் கமராவின் காலடி மறந்துபோகிறது. 3 மீற்றர் உயரத்தில், 25 பாகை கீழே சாய்த்து, நிலைக்குத்தாக 56 பாகை பார்க்கும் கமராவை எடுங்கள். படத்தின் கீழ் விளிம்பு 53 பாகையில் இறங்கும். சுவரிலிருந்து 2.26 மீற்றர் வரை நிலம் தெரியாது. 4 மீற்றருக்கு ஏற்றினால் அது 3 மீற்றராகும். கைக்கு எட்டக்கூடாது என்று சிலாப் உயரத்தில் பூட்டினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். இரண்டரை முதல் 3 மீற்றர் போதும்.

நாலு மூலைக்கு நாலு கமரா என்றால் எல்லாம் ஒரே சுற்றில், சுவரோரமாக அடுத்த மூலையைப் பார்க்க வேண்டும். அப்போது ஒன்றின் காலடியை முந்தியது பார்க்கும். சுவர் 12 மீற்றர் நீளமானால் அந்தக் காலடி தெரிபரப்பில் வரும், 2.8 லென்ஸின் அடையாளப் பரப்பில் வராது. முன்கதவுக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்பது இதனால்தான்.

இரவும் கணக்கில் வர வேண்டும். தாழ்வாரத்தை ஒட்டிப் பூட்டினால் ஐஆர் (இருட்டில் பார்க்கக் கமரா வீசும் அகச்சிவப்பு) வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பிப் படம் வெளுக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்காற்றின் உப்பு கண்ணாடியில் படியும். பகலில் மெல்லிய பனிப்புகார்போல, இரவில் வெள்ளைத் திரைபோலத் தெரியும். சிலந்தி வலையும் அப்படியே. கிழக்கே கடலைப் பார்க்கும் கமராவுக்குக் காலைச் சூரியன் நேரே விழுவதால், கொஞ்ச நேரம் படலை நிழலுருவம் மட்டும்தான். 120 டெசிபெல் டபிள்யூ.டி.ஆர் (கடும் வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே படத்தில் சமன்செய்யும் வசதி) இருந்தால் பரவாயில்லை. இதற்கெல்லாம் தனிச்சொல் தேடாதீர்கள். ‘இரவுத் தெரிபரப்பு’ என்று அடை சேர்த்தால் போதும், பிளானில் வேறு நிறக் கோடாகக் கீறுங்கள்.

---

காணாப்பரப்பு, மறைகட்டம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘அடையாளப் பரப்பு’ என்பதற்கு ‘முகந்தெரிபரப்பு’ என்று ஒரு மாற்று தனிமடலில் வந்தது. அழகான சொல்தான். ஆனால் வாகன இலக்கத்தகட்டுக்கும் இதே கணக்கைத்தான் பார்க்கிறோம், தகட்டுக்கு முகம் ஏது? பழையதே நிற்கட்டும்.

இந்தப் பரப்புகளைச் சுவர் பூசுவதற்கு முன்பே பிளானில் கீற வேண்டும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுகிறேன். வயர் போகும் பைப்பைப் புதைப்பது அப்போதுதான். ஒவ்வொரு கமராவுக்கும் தனி வயர், 100 மீற்றருக்குள், முழுச் செம்பு. செம்பு பூசிய அலுமினியத்தில் தூரக் கமராவுக்கு மின்னழுத்தம் இறங்கி, இரவில் ஐஆர் எரியும்போது கமரா நின்று நின்று வேலை செய்யும்.

அடுத்தது ‘ஓவர்லாப்’. இரண்டு கமராவுக்கும் தெரியும் இடத்துக்குப் ‘பொதுப்பரப்பு’ என்று குறித்திருக்கிறேன். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.