புதுப்பிப்பு: பழைய டிராயர் அலமாரி வாங்கியாச்சு

இரண்டு டிராயர் அலமாரிகளில் எது நிஜமாகவே பழசு என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, "டிராயரை முழுசா வெளியே இழுத்து மூலையைப் பாருங்க" என்ற யோசனைதான். பளபளவென்று இருந்ததில் டவ்டெயில் பற்கள் (மூலையில் இரண்டு பலகைகளைக் கோக்கும் புறாவால் வடிவ வெட்டுகள்) அச்சடித்த மாதிரி ஒரே அளவு. அடிப்பலகையில் வட்ட ரம்பத்தின் வளைந்த கீறல்கள். இயந்திர வேலை. மங்கலானதில் பற்கள் ஏறுக்குமாறு, தச்சர் அளவுக்குக் கீறிய கோடுகூட அழியாமல் இருந்தது. கைவேலை. அதையே எடுத்தேன்.

எதிர்பாராதது: கைப்பிடிக்கு உள்பக்கம் அடைத்த பழைய துளைகள். கைப்பிடியைப் பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அது உறுத்தவில்லை. வண்டு அரித்த துளைகளும் உண்டு, ஆனால் அடியில் பல நாள் விரித்துவைத்த கறுப்புத் தாளில் புதுத் தூள் விழவில்லை, அதனால் வண்டு இப்போது அரிக்கவில்லை என்று நினைக்கிறேன். இறுகும் டிராயருக்கு ஓடும் சட்டத்தில் மெழுகுவர்த்தி தேய்த்தேன், வழுக்கிக்கொண்டு போகிறது.