கராஜை அப்பா அம்மாவுக்கு அறையாக மாற்றுவது பற்றி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறோம், இரண்டு மாடி வீடு, படுக்கையறை எல்லாம் மேலே. மதுரையிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், அம்மாவுக்கு மூட்டுவலி, படியேறவே முடியாது. அதனால் வீட்டோடு ஒட்டியிருக்கும் இரண்டு கார் கராஜை, சுமார் 400 சதுர அடி, கழிவறையோடு ஓர் அறையாக மாற்றப் பார்க்கிறோம்.

முதல் குழப்பம் தரை. கராஜ் கான்கிரீட் வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்து, கதவுப் பக்கம் சரிவாகவும் இருக்கிறது. அதன்மேல் ஈரத்தடுப்பு ஷீட் விரித்து, மரச்சட்டம் அடித்து உயர்த்தினால் படியே இல்லாமல் அம்மா நடந்து போகலாம், எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் கூரை உயரம் 7 அடிக்குக் குறையக்கூடாதே. உயர்த்திய தரைக்கு அடியிலேயே கழிவறைக் குழாய்க்கு வாட்டம் (கழிவு ஓடத் தேவையான சரிவு) கிடைக்குமா, இல்லை கான்கிரீட்டை உடைத்தே ஆக வேண்டுமா?

அப்புறம், கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜுக்குள்தான் நிற்கிறது. தூங்குகிற அறையில் அதை அப்படியே விட முடியாது. வெளிச்சுவருக்கு மாற்றினீர்களா, மின்சார ஹீட்டருக்குப் போனீர்களா?

ஒரு கான்ட்ராக்டர் பெர்மிட் (நகராட்சியின் கட்டட அனுமதி) இல்லாமலே முடித்துத் தருகிறேன் என்கிறார். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. தீப்பிடித்தால் தப்பிக்கிற அளவு ஜன்னல், புகை அலாரம் எல்லாம் பரிசோதகர் பார்த்துச் சரி சொன்னால்தான் நிம்மதி.

இந்தப் பக்கத்தில் செய்து முடித்தவர்கள் மொத்தச் செலவு, பெர்மிட் வர எத்தனை வாரம் ஆனது என்று சொன்னால் பெரிய உதவி. நம்பகமான ஆள் தெரிந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.