பதினைந்து நாள் யாருக்கு? மூன்றாம் மாடி விவகாரம்

வைகைக்கரையான்:
"விதிமீறிய கட்டடத்தை நீதிமன்றமே இடிக்கச் சொன்னாலும் 15 நாள் அறிவிப்பு கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியாது" என்று ஆவணிவீதி நேற்று எழுதியிருந்ததைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் விதித்த அந்த 15 நாள், நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்ட கட்டடங்களுக்கும், சாலை, நீர்நிலை போன்ற பொது இடங்களை அடைத்துக் கட்டியவற்றுக்கும் பொருந்தாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. பாதித் தீர்ப்பைப் படித்துவிட்டு எங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

ஆவணிவீதி:
முழுவதும் படித்துவிட்டுத்தான் எழுதினேன், ஐயா. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், அதிகாரிகளுக்கு உத்தரவிடக் கோரிப் போடப்படும் ரிட் மனுக்கள் பலவற்றில் நீதிமன்றம் சொல்வது, "புகாரைப் பரிசீலித்துச் சட்டப்படி நடவடிக்கை எடுங்கள்" என்பதுதான். அது இடிப்பு உத்தரவா? இல்லை. ஆகவே 15 நாள் உண்டு.

வைகைக்கரையான்:
நான் கேட்டது நீதிமன்றம் இடிக்கச் சொன்ன கட்டடத்தைப் பற்றி. நீங்கள் பதில் சொல்வது சொல்லாத கட்டடத்தைப் பற்றி. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று 1997-இலேயே அரசாணை வந்துவிட்டது. ஆனால் எங்கள் அடுத்த வீட்டில் மூன்றாம் மாடி எழும்பிய நாளிலிருந்து, எங்கள் மொட்டைமாடியில் வடகம் காய்வதற்குப் பகல் ஒரு மணிக்கு மேல் வெயிலே விழுவதில்லை. இந்த வருஷம் போட்ட கூழ்வடகம் முழுவதும் பூஞ்சை பூத்துப் போயிற்று. 15 நாளாம்!

தெற்குவாசல்:
வடகத்தை விடுங்கள். இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 187பி பிரிவின்படி, உள்ளாட்சி மன்றமே தடையாணை கேட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் கைக்காசைச் செலவழித்துப் போக வேண்டியிருக்கிறது. அங்கேயும் 2003-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, வீட்டை இழப்போர் படும் துன்பத்தை நீதிபதி தாமே எடைபோட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

வைகைக்கரையான்:
மாசி வீதிக்கு வழி கேட்டால் லண்டனுக்கு வழி சொல்கிறார். எத்தனை ஆண்டு குடியிருந்தாலும், எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் அதனால் விதிமீறிய கட்டடம் முறையானதாகிவிடாது என்று 2024 டிசம்பரில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கும்போது, அந்தப் பிரபுக்களிடம் நமக்கு என்ன வேலை? மேலும் தெற்குவாசல் போன வருஷம் வீட்டுவரி விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினார். எனக்கு மறக்கவில்லை.

தெற்குவாசல்:
அன்று குழப்பியது யார் என்பதைப் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

ஆவணிவீதி:
பொது இடத்தை அடைத்துக் கட்டியதற்கு 15 நாள் கிடையாது என்று வைகைக்கரையான் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். அவர் வீட்டு வாசற்படி மூன்றும் தெருச் சாக்கடையின் மேல்தான் நிற்கின்றன. தூர் வாருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

வைகைக்கரையான்:
அந்தப் படிகள் 1962-இல் என் பாட்டனார் வைத்தவை. நகர் ஊரமைப்புச் சட்டமே 1971-ஆம் ஆண்டுச் சட்டம்தான். படிக்கட்டைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். நீதிமன்றம் இடிக்கச் சொன்னால் 15 நாள் உண்டா, இல்லையா?

ஆவணிவீதி:
உண்டு.