தூத்துக்குடி மக்ரூன்: ஓடிஜியில் அடி பிசுபிசுக்காமல் வர என்ன வழி?

மாதவரம்_அத்தை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். வருகிறவர்களுக்கு ஒரு துண்டு பிளம் கேக்கோடு ஆளுக்கு மூன்று மக்ரூன் வைத்துச் சின்னப் பெட்டியாகக் கொடுக்கலாம் என்று முடிவு. 50 பெட்டி, அதாவது 150 மக்ரூன். கடையில் வாங்காமல் வீட்டிலேயே போட ஆசை. வீடு சென்னையில். 30 லிட்டர் ஓடிஜி (மேலும் கீழும் கம்பி உள்ள சின்ன மின்சார ஓவன்), கை பீட்டர், டிஜிட்டல் தராசு எல்லாம் இருக்கு.

மாதிரிக்குப் போட்ட அளவு: 3 முட்டை வெள்ளைக்கரு, 1 கப் சர்க்கரைத்தூள், 1 கப் முந்திரிப்பொடி. 150 டிகிரியில் 25 நிமிடம். மேல்பக்கம் வெளிர் பழுப்பாகிவிடுகிறது. அடியில் பாகு கசிந்து பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொள்கிறது. உடைத்தால் நடுவில் ஜவ்வு. மறுநாள் தொட்டாலே விரலில் ஒட்டுகிறது. நான் எதிர்பார்ப்பது அந்த வெள்ளை வெளேர் கூம்பு, கடித்ததும் நொறுங்கிக் கரைகிற மாதிரி.

அளவு தப்பா, சூடு தப்பா? எத்தனை நாள் முன்னாடியே செய்து வைக்கலாம்? சொந்தத்தில் நாலைந்து பேர் முட்டை தொடமாட்டார்கள், அவர்களுக்கு ஏதாவது வழி உண்டா?

---

உப்பளக்காற்று:

ரெண்டுமே. ஆனால் சூடுதான் பெரிய விஷயம். மக்ரூனைச் சுடக்கூடாதுங்க, காயவைக்கணும். எங்க ஊர்ப் பேக்கரிகள்ல ரொட்டி எல்லாம் சுட்டு எடுத்த பிறகு, விறகடுப்புல மிச்சமிருக்கிற தணிஞ்ச சூட்டுல தட்டை உள்ள தள்ளி ராத்திரி முழுக்க விட்டுடுவாங்க. அந்த மெதுவான சூடுதான் வெள்ளை நிறத்துக்கும் நொறுங்கலுக்கும் காரணம். 150 டிகிரியில் வெளித்தோல் சீக்கிரம் இறுகி, உள்ள இருக்கிற தண்ணி வெளிய வர வழியில்லாம அடிவழியாப் பாகா இறங்குது. நடுவுல ஜவ்வும் அதனாலதான்.

கப்பை மறந்துடுங்க, தராசு இருக்கே. முட்டை சின்னதா பெருசாங்கிறதுல வெள்ளைக்கரு 28 கிராமிலிருந்து 36 வரைக்கும் மாறும். இந்த அளவு வெச்சுக்கோங்க:

வெள்ளைக்கரு 120 கிராம் (நம்ம ஊர் முட்டையில நாலு)
சர்க்கரை 200 கிராம்
முந்திரி 180 கிராம்
எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன்

இதுல ஏறத்தாழ 50 மக்ரூன் வரும். எசென்ஸ் எதுவும் வேண்டாம்னுதான் சொல்வேன். நல்ல முந்திரின்னா அந்த வாசனையே போதும், வெனிலா போட்டா அது அடிபட்டுப் போகும்.

முட்டையைப் ஃபிரிட்ஜில இருந்து எடுத்தவுடனே பிரிச்சுடுங்க. குளிர்ச்சியா இருக்கும்போது மஞ்சள் உடையாது. ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்துல உடைச்சு, சுத்தமா இருந்தா மட்டும் பெரிய பாத்திரத்துல சேருங்க. ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தாலும் அதுல இருக்கிற கொழுப்பு நுரையை எழவிடாது. பிரிச்ச வெள்ளையை அரைமணி நேரம் வெளிய வெச்சு, அறைச் சூட்டுக்கு வந்ததும் அடிங்க. பாத்திரம் எவர்சில்வர் இல்லைன்னா கண்ணாடி. பிளாஸ்டிக் எவ்வளவு கழுவினாலும் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிச்சு வெச்சிருக்கும். அடிக்கிறதுக்கு முன்னாடி எலுமிச்சை மூடியால ஒருதடவை தேய்ச்சுத் துணியால துடைச்சுடுங்க.

சர்க்கரைதான் அடுத்த எதிரி. கரையாத சர்க்கரை அடுப்புல உருகிப் பாகாகும். நுரை மென்மையா, பீட்டரைத் தூக்கினா நுனி வளைஞ்சு விழுற நிலைக்கு வந்த பிறகுதான் முதல் ஸ்பூன். அதுக்கப்புறம் ஒரு நேரத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 20 வினாடி அடிக்கணும். கடைசில ரெண்டு விரலுக்கு நடுவுல கொஞ்சம் நுரையை வெச்சுத் தேய்ச்சுப் பாருங்க. மணல் மாதிரி நெருடினா இன்னும் அடிக்கணும். நுனி நேரா நின்னு, பளபளன்னு இருந்தா நிறுத்துங்க. அதுக்கு மேல அடிச்சா நுரை வறண்டு கட்டி கட்டியாத் திரியும், அப்புறம் முந்திரியோட சேராது, உள்ள பொந்து விழும்.

முந்திரிப்பொடியை மூணு தவணையாப் போட்டு, ஸ்பாட்டுலாவால அடியிலிருந்து மேல மடிச்சு விடுங்க. கிண்டக்கூடாது. மொத்தம் 15, 20 மடிப்புக்குள்ள முடிக்கணும். பிழிஞ்சா கூம்பு நிக்கணும், தட்டுல பரவினா அதிகமா மடிச்சாச்சுன்னு அர்த்தம்.

---

கிராம்கணக்கு:

மேலே சொன்ன அளவு சரி. ஓடிஜி பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதார்த்தத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

ஓடிஜியின் குமிழில் 100 என்று இருந்தால் உள்ளே 100 இருக்கும் என்று நம்ப வேண்டாம். கம்பி எரிந்து அணைந்து எரிவதால் 20, 25 டிகிரி மேலும் கீழும் ஆடும். தனியாக உள்ளே வைக்கிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுத்தட்டில் வையுங்கள். 20 நிமிடம் விட்டு, அரைமணி நேரம் கவனித்து, சராசரி 100 முதல் 110க்குள் இருக்கும்படி குமிழைத் திருப்பிக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீழ்க்கம்பி மட்டும். மேல்கம்பியை அணைத்துவிட முடியாத மாடலாக இருந்தால், மிக மேலான படியில் வெறும் தட்டு ஒன்றைச் செருகுங்கள், அது குடையாக நின்று நேர்ச்சூட்டைத் தடுக்கும். மக்ரூன் மீது ஃபாயில் போட்டு மூடுவது வேண்டாம், ஆவி அதற்குள்ளேயே நின்றுவிடும். விசிறி வசதி இருந்தால் போடுங்கள், ஆனால் குமிழை 10 டிகிரி இறக்கி.

தட்டை வைத்ததும் கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டியின் காம்பைச் செருகி விரலளவு திறந்து வையுங்கள். 120 கிராம் வெள்ளைக்கருவில் 105 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர்தான். அவ்வளவும் அந்தச் சின்னப் பெட்டியை விட்டு வெளியேறியாக வேண்டும். முதல் ஒரு மணி நேரம் இப்படி, பிறகு கதவை மூடி இன்னும் ஒரு மணி. பிறகு அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் இரவு முழுக்க உள்ளேயே விடுங்கள். சென்னை டிசம்பர் ஈரத்தில் இளஞ்சூடாக வெளியே எடுத்து மேசையில் ஆறவைத்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும்.

காய்ந்ததா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாமல் தராசிடம் கேளுங்கள். பேப்பரோடு தட்டைக் காலியாக எடை போட்டுக் குறியுங்கள். பிழிந்த பின் ஒருமுறை, இரவு கழிந்து ஒருமுறை. கலவையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்க வேண்டும். 240 கிராம் பிழிந்திருந்தால் 195க்குப் பக்கத்தில் வரவேண்டும். 210இலேயே நிற்கிறதென்றால் நடுவில் ஈரம் இருக்கிறது, 100 டிகிரியில் இன்னும் 40 நிமிடம். நன்றாகக் காய்ந்தது பேப்பரை விட்டுத் தானாகக் கழன்று வரும், அடியைத் தட்டினால் உள்ளீடற்ற சத்தம் கேட்கும்.

பாகு விஷயத்தில் ஒரு வேறுபாடு. அடியில் தேங்கினால் சர்க்கரை கரையவில்லை அல்லது போதுமான அளவு காயவில்லை. மேல்தோலில் பொன்னிற முத்துக்களாகத் துளிர்த்தால் சூடு அதிகம். தோல் வெடித்தாலும் சூடு அதிகம்தான்.

---

அண்டிப்பருப்பு_நெல்லை:

முந்திரியைப் பற்றி யாரும் சரியா சொல்லலியே! மக்ரூன்ல பாதி தப்பு மிக்ஸியிலதான் நடக்கு.

அண்டிப்பருப்புல, அதான் முந்திரியில, கிட்டத்தட்ட 45 சதவீதம் கொழுப்பு. மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினா சூடேறி எண்ணெய் விட்டு, பொடி உருண்டை பிடிக்கும். அந்த எண்ணெய் நுரையில பட்டதும் நுரை உக்காந்துடும், மக்ரூன் தட்டையாப் போகும். அதனால முந்திரியை முதல்ல 100 டிகிரி ஓவன்ல 10 நிமிஷம் காயவைங்க, நிறம் மாறவே கூடாது. நல்லா ஆறவிட்டு, முடிஞ்சா ஃபிரிட்ஜில அரைமணி நேரம் மூடி வெச்சு எடுங்க. 200 கிராம் சர்க்கரையில இருந்து ரெண்டு ஸ்பூனை எடுத்து முந்திரியோட சேர்த்து, காய்ஞ்ச ஜார்ல, ரெண்டு வினாடி ஓட்டு, நிறுத்து, குலுக்கு. ஜாரைத் தொட்டா வெதுவெதுப்பு தெரியக்கூடாது. தெரிஞ்சா பத்து நிமிஷம் ஆறவிடுங்க.

மாவா அரைக்காதீங்க. பொடிரவைப் பதம்தான் சரி. ரவை சலிக்கிற சல்லடையில சலிச்சு, மேல நிக்கிறதை மறுபடி ஓட்டுங்க. கடைசியா மிஞ்சுற ஒரு ஸ்பூன் குருணையை அதிலேயே போட்டுடலாம், கடிக்கும்போது பல்லுல படுறது நல்லாத்தான் இருக்கும். முழுப்பருப்பு வாங்கிக் காசை விரயம் பண்ண வேண்டாம், துண்டுமுந்திரி போதும். ஆனா மூக்குல வெச்சுப் பாத்து வாங்குங்க. சிக்கு வாடை இருந்தா சர்க்கரை மறைக்காது.

பிழியுறதுக்கு நட்சத்திர நாசில் எடுத்துடாதீங்க, குருணை அடைச்சுக்கும். கெட்டி பால் கவரைக் கழுவித் துடைச்சுக் காயவெச்சு, மூலையில ஒரு சென்டிமீட்டர் வெட்டினாலே போதும். கவரை நேரா நிமித்திப் பிடிச்சு, மூணு சென்டிமீட்டர் வட்டமா அழுத்தி, மேல தூக்கிக்கிட்டே அழுத்தத்தைக் குறைச்சு, சட்டுனு நிறுத்தி இழுங்க. கூம்பு தானா வரும். இடையில ஒரு விரல் இடம் விடுங்க. பேப்பர் பறக்காம இருக்க நாலு மூலையிலயும் அந்தக் கலவையையே பொட்டு வெச்சு ஒட்டிக்கோங்க.

---

மாதவரம்_அத்தை:

ரொம்ப நன்றி. தொடர்ந்து மிக்ஸி ஓட்டினதும் 150 டிகிரியும்தான் காரணம் என்று புரிகிறது. இன்னொன்று: 12 முட்டையையும் ஒரே தடவை அடித்து வைத்துக்கொண்டு, தட்டு தட்டாக வைக்கலாமா?

---

உப்பளக்காற்று:

கூடவே கூடாதுங்க அத்தை. முந்திரி சேர்ந்த பிறகு அந்தக் கலவை கால்மணி நேரம் கூடத் தாங்காது, எண்ணெய் நுரையைத் தின்னுக்கிட்டே இருக்கும். முதல் தட்டு கூம்பா வரும், மூணாவது தட்டு அப்பளமாயிடும். பிழிஞ்சவுடனே அடுப்பு தயாரா இருக்கணும், அதனால அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஓடிஜியைச் சூடு பண்ணிடுங்க.

30 லிட்டர்ல ஒரு தட்டுக்கு 25 மக்ரூன் நெருக்கமில்லாம நிக்கும். ரெண்டு படியில ரெண்டு தட்டு, ஒரு மணி நேரத்துல மேல் கீழ் மாத்தி வைக்கணும். ஆக ஒரு ராத்திரிக்கு நாலு முட்டை, 50 மக்ரூன். மூணு ராத்திரியில 150 முடிஞ்சிடும். உடைசலுக்கும் பிள்ளைகள் கை வைக்கிறதுக்கும் நாலாவது ராத்திரி ஒண்ணு ஒதுக்கிக்கோங்க. மொத்தமா 16 முட்டை, 800 கிராம் சர்க்கரை, முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவா முந்திரி. முந்திரியை எல்லாத்துக்கும் ஒரே நாள்ல பொடிச்சு டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜில வைக்கலாம், ஆனா எடுத்தவுடனே திறக்காம டப்பா அறைச் சூட்டுக்கு வந்ததும் திறங்க. இல்லைன்னா உள்ள தண்ணி கோத்துக்கும்.

மிஞ்சுற மஞ்சள் கருவைத்தான் பிளம் கேக்குக்கு வெச்சுக்கலாமே. ஒரு முழு முட்டைக்குப் பதிலா ரெண்டு மஞ்சள், ரெண்டு டீஸ்பூன் பால்னு சேர்த்தா கேக் நல்லா மெத்துன்னு இருக்கும். எல்லா முட்டையையும் மாத்திடாதீங்க, பாதிக்கு மேல போனா கேக் எழும்பாது.

---

மேகலா_சைவம்:

முட்டை இல்லாததற்கு: வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பு போடாமல் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வெந்த நீரை வடிகட்டி, மிதமான தீயில் பாதியாக வற்றவிட்டு, இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் வெள்ளைக்கரு போலக் கொழகொழப்பாகும். அதில் 60 கிராம், சர்க்கரை 110, முந்திரி 75. முந்திரி குறைவாக இருப்பது வேண்டுமென்றேதான், இந்த நுரைக்குக் கொழுப்பைத் தாங்கும் சக்தி குறைவு. அடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், எலுமிச்சை கட்டாயம். சூடு 90, 95க்கு மேல் போனால் இளகிப் பரவும். இரண்டரை மணி நேரம். வெளியே நொறுங்கும், ஆனால் முட்டை மக்ரூனின் அந்த முந்திரிக் கனம் இதில் வராது. தனிப் பெட்டியில் வைத்து மேலே எழுதிவிடுங்கள், ஏனென்றால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

---

கிராம்கணக்கு:

பெட்டி போடுவது பற்றி. பிளம் கேக்கையும் மக்ரூனையும் ஒரே பெட்டியில் சும்மா வைத்தால் கேக்கின் ஈரம் முழுக்க மக்ரூனுக்குப் போய்விடும், சில மணி நேரத்திலேயே பிசுபிசுக்கும். மூன்று மக்ரூனைத் தனியாகச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயைச் சூடு வைத்து ஒட்டுங்கள், மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி ஒட்டினால்கூடப் போதும். கேக்கைப் பட்டர் பேப்பரில் சுற்றுங்கள்.

அதுவரை இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில், உணவுக்கென்று விற்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டோடு. முழுதாகக் காய்ந்தது இரண்டு வாரம் தாங்கும், ஆகவே விழாவுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கலாம். மழை பெய்கிற நாளில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ண வேண்டாம். ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். உறையில் போடும் முன் ஒன்றை உடைத்துப் பாருங்கள். இளகியிருந்தால் எல்லாவற்றையும் 95 டிகிரியில் 25 நிமிடம் மறுபடி காயவைத்து, ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டு, உடனே உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.