மறு: மாஸ் என்பதற்கு ‘நிலப்பாசி’ சரியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஈரப் பாறையிலும் மரப்பட்டையிலும் மெத்தைபோல் படரும் சிறு பச்சைச் செடியான மாஸுக்கு (moss) நாம் தேடும் தமிழ்ப் பெயர் பற்றி:

> ‘நிலப்பாசி’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். நிலப்பாசி என்றால் நிலத்தில் வளரும் பாசி. குளத்துப் பாசியில் ஒரு வகை என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். மாஸ் அப்படியல்ல. அதன் கரு தாய்ச்செடிக்குள் தங்கி, அதனிடம் உணவு பெற்று வளர்கிறது. ஐயமின்றி அது நிலத்தாவரம். ஆகவே சொல்லைத் திருப்பிப்போட்டு, ‘பாசிச்செடி’ என்று முன்மொழிகிறேன். ஏறத்தாழ 12,000 இனங்களுக்கு இந்தப் பெயர் போய்ச் சேரும். மாஸின் உறவான மற்ற இரு கிளைகளும் (லிவர்வோர்ட், ஹார்ன்வோர்ட்) இதே வார்ப்பில் ‘ஈரற்செடி’, ‘கொம்புச்செடி’ ஆகலாம்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் சதுப்பில் வளரும் ஸ்பேக்னம் என்ற மாஸ். அதன் இலைகளில் உயிரற்ற, துளையுள்ள வெற்றுச் செல்கள் நிறைய உண்டு. அவற்றில் தன் உலர் எடையைப்போல் பல மடங்கு நீரைத் தேக்குகிறது. சுற்றுநீரை அமிலமாக்குகிறது. அமிலமும் ஆக்சிஜன் குறைவும் சேர்ந்து மட்குதலைத் தடுக்க, இறந்த செடி பீட் என்ற அரைகுறையாக மட்கிய படிவாகக் குவிகிறது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடே உள்ள பீட் நிலங்கள், எல்லாக் காடுகளின் மரஞ்செடிகளும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமத்தை வைத்திருக்கின்றன. இதைப் ‘பாசி சேமித்த கரிமம்’ என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் கடலும் குளமும்தான் வரும். காக்க வேண்டிய சதுப்பு வராது.

> ‘குழாயிலித் தாவரம்’ என்றால் மூன்று கிளைகளும் சேர்ந்த மொத்தத் தொகுதிக்கும் பொருந்துமே?

பொருந்தாது. பாலிட்ரைக்கம் என்ற பாசிச்செடியின் தண்டு நடுவே நீர் கடத்தும் செல்கள் உண்டு. அதன் உறவான டாசோனியா அரை மீட்டர் வரை உயர்கிறது. மரங்களில் உள்ளதுபோல் லிக்னின் என்ற கடினப் பொருள் ஏறிய நீர்க்குழாய்த் திசு (சைலம்) இல்லை என்பது வேறு செய்தி. தொகுதிக்கு இப்போதைக்குப் பிரையோபைட்டு என்பதே இருக்கட்டும்.

*

ஐயா, வணக்கம்.

பாசிச்செடியை ஏற்கிறேன். ‘ஈரற்செடி’யில்தான் தயக்கம். மார்க்கான்ஷியாபோலத் தட்டையாகப் படர்பவை அந்தக் கிளையில் சிறுபான்மை, பெரும்பாலானவை இலையுள்ளவை. ஆயினும் பழகிய பெயர், விட்டுவிடலாம்.

செடியின் அடியில் உள்ள நூல்போன்ற ரைசாய்டுக்கு ‘வேரிழை’ வேண்டாம். பாசிச்செடி நீரை உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. ரைசாய்டின் முதன்மை வேலை பாறையையும் பட்டையையும் பற்றிக்கொள்வது. ‘பற்றிழை’ எப்படி?