மறு: பிளாஸ்மா வெட்டு வரைவில் ‘ஸ்மூத்’ செய்வதற்குச் சொல் – ‘கோட்டிழைப்பு’ எப்படி?

வணக்கம். மின்வில்லின் வெப்பத்தால் இரும்புத் தகட்டை வெட்டும் பிளாஸ்மா மெஷினுக்கான கணினி வரைவில், கோட்டின் நெளிவுகளை எடுத்துச் சீராக்குவதை ‘ஸ்மூத்’ செய்வது என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது; // // குறிக்குள் இருப்பவை மற்றவர்கள் எழுதியவை.

// ‘மென்மையாக்கல்’ என்றே வைத்துவிடலாம். எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறார்கள். //

அண்ணா, இதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மென்மை பஞ்சுக்கும் பாணுக்கும் உரியது. மூன்று மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை மேசையில் ஏற்றிவிட்டு நிற்கிற பையனிடம் ‘கோட்டை மென்மையாக்கு’ என்றால் மூலையை எல்லாம் வளைத்துவிடுவான். ‘வழவழப்பாக்கல்’ தகட்டின் முகத்தைச் சொல்கிறது, கோட்டை அல்ல. பட்டறையில் என்ன நடக்கிறது என்பதை வைத்துச் சொல்லைத் தேடுவோம்.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பிளாஸ்மாவுக்கு வருவது அநேகமாகக் கோயில் வேலை. தோட்டத்து மாரியம்மன் கோயில் கேற்றுக்கு நடுவில் ஒரு மயில், இரண்டு பக்கமும் வேல், மேலே கோயில் பெயர். கைக்கு வருவது பென்சில் படத்தை ஃபோனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் போட்டு, படத்தின் ஓரத்தைக் கோடாக மாற்றும் ட்ரேஸ் கட்டளையைக் கொடுத்தால் மயில் வந்துவிடும், திரையில் அழகாகவும் இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள். தோகையில் ஒரு கண்ணின் விளிம்பு முழுக்கக் கணுக்கள் (கோட்டின் வடிவைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகள்) மொய்த்துக் கிடக்கும். பென்சில் பிடித்த கையின் நடுக்கம், தாளின் சொரசொரப்பு, படத்தின் படிப்படியான ஓரம் எல்லாவற்றையும் மென்பொருள் வடிவம் என்றே நம்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணு குத்தியிருக்கும்.

மெஷின் பக்கம் வாருங்கள். 50 மில்லிமீற்றர் ஆரையுள்ள வட்டத்தை நேர்த்துண்டுகளால் வெட்டுவதாக வைப்போம். 0.1 மில்லிமீற்றர் பிழைக்கு இடம் கொடுத்தால் ஒரு துண்டு 6 மில்லிமீற்றர் நீளம் இருக்கலாம். ஏறத்தாழ 50 துண்டில் வட்டம் முடிந்தது. ட்ரேஸ் பண்ணிய வட்டத்தில் 0.3 மில்லிமீற்றருக்கு ஒரு துண்டு விழுந்தால் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டும். நிமிடத்துக்கு 3000 மில்லிமீற்றர் வேகத்தில் போகும்போது செக்கனுக்கு 160க்கு மேற்பட்ட துண்டுகள், ஒவ்வொன்றும் சற்றே வேறு திசையில். மெஷினின் கட்டுப்படுத்தி ஒவ்வொரு திருப்பத்துக்கும் வேகத்தைக் குறைக்கப் பார்க்கும், வெட்டும் தலையான டோர்ச் நடுங்கி நடுங்கி நகரும். வேகம் குறைந்தால் வெட்டு அகலும், அடியில் கசடு திரளும். உயரத்தைத் தானே சரிசெய்யும் கருவி பூட்டிய மெஷின் என்றால் இன்னும் மோசம். வெட்டு அகன்றதும் மின்வில்லின் வோல்ற்றளவு ஏறும். டோர்ச் மேலே போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு கருவி அதைக் கீழே இறக்கும். டோர்ச்சின் நுனியில் உள்ள நொசில் தகட்டில் முட்டுவது இப்படித்தான்.

விளிம்பு பல்லுப் பல்லாக வந்தால் முதலில் திட்டு வாங்குவது மெஷின். காற்றில் ஈரமும் தேய்ந்த நொசிலும் விளிம்பைக் கெடுக்கும், அதை மறுக்கவில்லை. நுவரெலியா மூடுபனியில் கொம்பிரசரில் சேரும் தண்ணீரை அடிக்கடி வடிக்காவிட்டால் நொசிலும் எலெக்ட்ரோடும் சீக்கிரம் போய்விடும். ஆனால் பிரித்தறிய வழி இருக்கிறது. அதே கோப்பை இன்னொரு தகட்டில் வெட்டுங்கள். பல் அதே இடத்தில் விழுந்தால் குற்றம் கோப்பில். இடம் மாறி விழுந்தால் காற்றையும் நொசிலையும் பாருங்கள்.

ஆக, நாம் பெயர் வைக்கப்போகும் வேலையில் மூன்று கூறுகள். வேண்டாத கணுவை எடுக்க வேண்டும். எஞ்சிய கணுக்களுக்கு இடையே வளையி (வளைகோடு) முறியாமல் ஓட வேண்டும். இருக்க வேண்டிய மூலை அப்படியே நிற்க வேண்டும். முதல் இரண்டுக்கும், சில புள்ளிகளை வைத்தே முழு வளைவையும் வரையறுக்கும் பெசியே வளையி துணை. சிட்ரோயனில் தெ காஸ்தெல்ஜோவும் ரெனோவில் பெசியேயும் கார் உடலை வரைய உருவாக்கிய கணக்கு அது. முழு வட்டத்துக்கு நாலே கணு போதும். 50 மில்லிமீற்றர் ஆரையில் பிழை 0.014 மில்லிமீற்றருக்குள் நிற்கும். வெட்டின் அகலமே ஒரு மில்லிமீற்றரைத் தாண்டுகிற வேலையில் அதை யாரும் அளக்கப்போவதில்லை. மூன்றாவது கூறுக்குத்தான் மனிதக் கண் வேண்டும். மயில், வேல் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து, இங்க்ஸ்கேப்பில் கணுக்களைக் குறைக்கும் சிம்ப்ளிஃபை கட்டளையை அடுத்தடுத்து அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக அள்ளும். கடைசியில் வேல் வெற்றிலையாகிவிடும்.

// ‘கணுக்குறைப்பு’ போதாதா? //

பாதி வேலையைத்தான் சொல்கிறது. எட்டே கணுவில் நேர்கோடுகளால் வட்டம் போட்டாலும் கணு குறைந்ததுதான், ஆனால் கிடைப்பது எண்கோணி.

// தோட்டத்துச் சொல்லாகக் ‘கவ்வாத்து’ இருக்கிறதே? //

தங்கச்சி, வாசித்ததும் மனம் அதில் ஒட்டிக்கொண்டது. எங்கள் வாயில் புழங்குகிற சொல். ஆனாலும் இங்கே வேண்டாம் என்பேன். கவ்வாத்து வெட்டுவது தேயிலை மறுபடி தளிர்ப்பதற்கு, வெட்டிய செடி பழைய உருவத்தில் நிற்பதில்லை. நமக்கு எடுத்த கணு திரும்ப முளைக்கக் கூடாது, உருவம் மாறவும் கூடாது.

என் முன்மொழிவு: கோட்டிழைப்பு. தச்சுப் பாஸ் பலகையை இழைக்கும்போது மேடு மட்டும் சுருளாகக் கழன்று வரும், பலகையின் மூலை கெடாது. அளவு போகிறதா என்று அவர் இடையிடையே நிறுத்திப் பார்ப்பார். நம் வேலையின் மூன்று கூறும் அதில் இருக்கின்றன. ‘தீங்கு இழைத்தல்’, ‘கல் இழைத்தல்’ என்று வேறு பொருளும் உண்டே எனக் கேட்பீர்கள். சந்தனம் இழைப்பதும் உண்டு, யாரும் குழம்பியதில்லை. கோடு என்ற முன்சொல் நம் பொருளைக் கட்டிப்போடும். ‘சீவுளி’ என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம் என்று யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியிருந்தார்; ஆனால் சீவல் என்றால் அளவு குறைவதே முன்னுக்கு வரும். இழைப்பில் அந்தப் பயம் இல்லை. எல்லாவற்றையும் விட, இது வாயில் வினையாக வருகிறது: ‘கோட்டை இழை’, ‘இழைத்த கோப்பு’, ‘இழைக்காமல் மெஷினில் ஏற்றாதே’. ‘மென்மையாக்கப்பட்ட கோப்பு’ என்று பட்டறையில் யாரும் பேசமாட்டார்கள்.

இதோடு ஒட்டி மூன்று சொற்கள். கூர் நிற்க வேண்டிய இடம் முனைக்கணு. கோடு முறியாமல் கடந்து போகும் இடம் இழைகணு. கணுவிலிருந்து நீளும், பிடித்து இழுக்கிற கம்பி தொடலிக்கோல். அது வளையியின் தொடலியில் கிடப்பதால் பெயரே பொருளைச் சொல்லிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூலில் தொடுகோடு என்பார்கள், அவர்களுக்கும் தொடலி புரியும். வெக்டரைக் காவி என்பதா, திசையன் என்பதா என்ற சண்டையை இந்த இழையில் இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வரைவைச் சேமிக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பின் பழைய ஆர்12 வகையில், வளையியை வளையியாகவே வைக்கும் ஸ்பிளைன் என்ற உருப்படியே கிடையாது. பாடுபட்டு இழைத்த கோட்டை அதில் சேமித்தால் மறுபடி நேர்த்துண்டுகளாக உடையும். வளையியை வட்டவில்களாகப் பொருத்தித் தரும் மென்பொருள் வழியாகப் போனால் மெஷினை வட்டவில்லில் ஓட்டும் ஜி2, ஜி3 கட்டளைகளாக இறங்கும், டோர்ச்சும் தடங்கலின்றி ஓடும்.

எழுத்து வேலைக்குத் தனிப் பதிவு வேண்டும். தமிழ் எழுத்தில் இழைகணு நிறைய, அதனால் கோட்டிழைப்பின் பலன் அங்கேதான் பளிச்சென்று தெரியும். ‘ஹட்டன்’ என்று எழுத்துகளையே வெட்டியெடுத்தால் ட், ன் இரண்டின் புள்ளியும் தனியாக விழும். தகட்டைத் துளைத்து எழுதினால் ம, வ முதலியவற்றின் வயிறு விழும். விழாமல் பிடிக்க இடையில் சிறு பாலம் வைத்துத்தான் ஆக வேண்டும். தகட்டின் தடிப்பைவிடச் சிறிய புள்ளித்துளை ஒழுங்கான வட்டமாக வருவது அரிது என்பதையும் எழுத்து வரைகிறவர் தெரிந்திருக்க வேண்டும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பெயரை உருவரையாக மாற்றாமல் அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் திறக்கும்.

நொசில் தின்றுபோகும் அகலத்துக்கு நான் ‘வெட்டுத்தடம்’ என்று எழுதிவருகிறேன். அதை உள்வெட்டில் ஒரு பக்கமும் வெளிவெட்டில் மறுபக்கமும் தள்ளி ஈடுகட்டுவதற்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘தடவீடு’ என்று ஒன்று தோன்றியது, காதுக்குப் பொருந்தவில்லை. வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவர்கள் இந்தக் குழுவில் நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்கள் இடத்தில் இதை வாயால் எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஹட்டனிலிருந்து